காட்டுமாட்டின் முன்னால் கறுப்பு பெல்ட்

வில்பட்டி மேட்டில், காலைப் பனி விலகாத நேரத்தில், என் உயரத்துக்கு நின்ற ஒரு காட்டுமாட்டை நான் வெறும் பார்வையாலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது என் கண்ணைப் பார்த்தது. நான் அதன் கண்ணைப் பார்த்தேன். ஒரு அடி பின்வாங்கவில்லை. அதுதான் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வந்த வழியே போய்விட்டது.

மேலே சொன்னதில் காலைப் பனி மட்டும் உண்மை.

மாடு இருந்ததும் உண்மைதான். ஆனால் அதன் கண்ணைப் பார்க்க நான் அங்கே இல்லை. முள்கம்பி வேலியைத் தாண்டி, பேரிக்காய் மரத்தடியில் குப்புறக் கிடந்தேன். என் வேட்டி வேலியில் மாட்டிக்கொண்டு கட்சிக்கொடி மாதிரி பறந்தது. மாடு அதை மோந்து பார்த்து, ஒரு தும்மல் போட்டு, திரும்பிப் போனது. அதில் என் வீரத்துக்குப் பங்கில்லை. துவைக்காத வேட்டிக்கு வேண்டுமானால் உண்டு.

இந்தப் பொய்யை நான் வீட்டோடு வைத்திருக்கலாம். ஊரில் சொன்னாலும் பாதகமில்லை, ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். நம்பக்கூடிய ஒருவரிடம் சொல்லிவிட்டேன். அதனால் அந்த மனுஷன் உயிர் போக இருந்தது.

அந்தக் காலையை அப்படியே சொல்கிறேன்.

எங்கள் பீன்ஸ் தோட்டத்துக்கும் ஒரு பயிற்சி முகாம் கட்டடத்துக்கும் நடுவில் ஒரு மண்பாதை. ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் ஆள் உயரத்துக்குக் கல்கட்டு. பாதையின் மேல்கோடியில் காட்டுமாடு. கூட்டத்தோடு சேராத ஒற்றை மாடு. பங்காளிச் சண்டையில் கோபித்துக்கொண்டு வந்த சித்தப்பா மாதிரி, யாரைக் கண்டாலும் ஆகாது அதற்கு.

கீழ்க்கோடியில் அந்த மனுஷன், சுந்தரேசன் சார். வெள்ளை உடுப்பு. இடுப்பில் முந்தின நாள் சாயங்காலம் வாங்கிய கறுப்பு பெல்ட். கட்டத் தெரியாமல் முடிச்சு முதுகுப்பக்கம் போய், இரண்டு முனையும் வால் மாதிரி தொங்குகின்றன. இடது கால் முன்னே, வலது கால் பின்னே, கைகள் நெஞ்சுக்கு நேரே. அசையவில்லை.

அசையக்கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

புலி என்கிற பட்டம்

நான் பள்ளிக்கூடத்தில் படித்தவன் இல்லை. பஸ் போர்டு பார்த்து எழுத்துக் கற்றவன். அதனால் நான் எழுதினால் நேராகப் போய்ச் சேராது. ஊர் ஊராக நின்றுதான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் என் பெயர் புலிப்பாண்டி. பாண்டி அப்பா வைத்தது. புலி நானே சம்பாதித்தது.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் வேலி என்றால் பாதி சேலைதான். உடுத்திக் கிழிந்த சேலைகளைக் கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டிவிடுவோம். காற்றில் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். உள்ளே ஆள் இருப்பதாக நினைத்துப் பன்றியும் மாடும் ஒதுங்கிப் போகும். சில நாள் ஒதுங்கும். சில நாள் சேலையையும் சேர்த்து மேயும்.

ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் முட்டைக்கோஸ் பாத்திப் பக்கம் போனேன். பனிக்குள்ளே மஞ்சளும் கறுப்புமாகக் கோடு கோடாக ஒன்று பதுங்கி அசைந்தது. "புலி! புலி!" என்று நான் போட்ட சத்தத்தில் ஊரே அரிவாளும் தடியுமாக வந்துவிட்டது. ஒருவர் கையில் தோசைக்கரண்டி இருந்தது. பனி விலகியதும் பார்த்தால், என் சம்சாரம் ராசாத்தியின் பழைய சேலை.

அவள் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று சொன்னாள்: "நான் உடுத்திருந்தப்ப ஒருநாளும் இவரு இப்பிடிக் கண்ண விரிச்சுப் பாத்ததில்லங்க. வேலியில கட்டுனப் பெறகுதான் பாக்குறாரு."

அன்றிலிருந்து புலிப்பாண்டி.

மாடு நின்னுச்சு

காட்டுமாடு பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை.

எங்கள் மலையில் தாமதத்துக்கு எல்லோரும் ஒத்துக்கொள்கிற காரணம் ஒன்றுதான்: "மாடு நின்னுச்சு." வாத்தியார் கேட்டாலும் அதுதான் பதில், ஆஸ்பத்திரியில் கேட்டாலும் அதுதான் பதில். ரோட்டில் மாடு வந்து நின்றால் பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். ஹாரன் கிடையாது. பஸ்ஸுக்குள் பொம்பளைகள் பையை அவிழ்த்துப் பூண்டு உரிக்க ஆரம்பிப்பார்கள். மாட்டுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது போகும். அதுவரை அரசாங்கமே வந்தாலும் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

என் கல்யாணத்துக்கே நான் தாமதமாகப் போனேன். மாடு நின்றது. மாமனார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராசாத்திதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "அன்னிக்கு அந்த மாடு இன்னுங் கொஞ்ச நேரம் நின்னுருக்கலாம்."

எதிரே மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஓடக்கூடாது. முதுகைக் காட்டக்கூடாது. முறைக்கக்கூடாது. சத்தம் போடாமல், ஒரு அடி, இன்னொரு அடி என்று பின்னால் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

எனக்கும் தெரியும். என் காலுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

காதர் பாய் செய்த சிபாரிசு

ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களுக்குக் குதிரை பிடித்துப் பிழைத்த கதையைப் போன வாரம் இங்கே எழுதியிருந்தேன். அந்தப் பிழைப்பு போனபிறகு தோட்டத்துக் காய்கறியைக் கொடைக்கானல் பஜாருக்குச் சுமந்துகொண்டிருந்தேன். அங்கே காதர் பாய் மளிகைக்கடை. கடையில் சரக்கைவிடக் கிண்டல் அதிகம்.

ஒரு நாள் கடைவாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. கறுப்புச் சட்டை, கறுப்புப் பேண்ட், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கினார். வில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் எடுத்து முகாம் நடத்தப் போகிறாராம். காய் நறுக்க ஆள் வேண்டும் என்றார்.

பாய் என்னைக் கை காட்டினார். "இவரக் கூட்டிப் போங்க சார். பேரு புலிப்பாண்டி. காட்டுமாட்டோட நேருக்கு நேரா நின்னவரு."

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கறுப்புச் சட்டைக்காரர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வெளியூர்க்காரர்களிடம் கிண்டல் பண்ணும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நம்பிவிடுவார்கள்.

அவரை எல்லோரும் கமாண்டர் என்று கூப்பிட்டார்கள். "எந்தப் பட்டாளத்துல இருந்தீங்க சார்?" என்று கேட்டேன். "மனப் பட்டாளம்" என்றார். அதற்குப் பென்ஷன் உண்டா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

உள்ளே இருக்கும் மிருகம்

முகாம் வாசலில் போர்டு: "மூன்றே நாளில் போர்வீர மனம்." கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், பேங்க்காரர்கள், கடை முதலாளிகள் என்று ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் வெள்ளை உடுப்பு கொடுத்தார்கள். இட்லி வேக வைக்கிற துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தார்கள் பாவம்.

காலையில் ஐஸ் மாதிரித் தண்ணீரில் குளியல். பிறகு பனியைப் பார்த்துக் கத்த வேண்டும். "உங்களுக்குள்ள ஒரு மிருகம் தூங்குது! எழுப்புங்க!" என்று கமாண்டர் கத்துவார். இவர்கள் எழுப்புவார்கள். வில்பட்டி நாய்கள் எல்லாம் பதில் கொடுக்கும். இவர்கள் உள்ளே இருக்கிற மிருகத்தை எழுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், வெளியே இருக்கிற மிருகம் என் பீன்ஸை மேய்ந்துகொண்டிருந்தது.

பிறகு நிலை. பக்கவாட்டில் திரும்பி, தோளை விரித்து, நெஞ்சைத் தூக்கி நிற்க வேண்டும். "எதிரிக்கு உங்க உடம்பு பெருசாத் தெரியணும்! பின்வாங்குனா செத்தீங்க! ஒரே ஸ்டெப்கூட பின்னால போகக்கூடாது!"

சாப்பாட்டில் உப்பு கிடையாது. வீரனுக்கு உப்பு ஆகாதாம். கமாண்டர் குளிக்கப் போகிற நேரம் பார்த்துச் சமையல்கட்டு ஜன்னலில் ஒவ்வொரு கையாக நீளும். "அண்ணே, கொஞ்சம் ஊறுகாய்." உயிர் பிழைக்கும் உணர்வு, உயிர் பிழைக்கும் உணர்வு என்று அவர் மைக்கில் சொன்னதன் அர்த்தம் எனக்கு அந்த ஜன்னலில்தான் விளங்கியது.

முதல் நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. கமாண்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கை போட்டார்.

"பழசெல்லாம் ஞாபகம் வருதா பாண்டி?"

நான் மூக்கை உறிஞ்சினேன். அவர் குனிந்து என் முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பைப் பார்த்தார். முள்கம்பி கிழித்தது. நீளமாக, பார்ப்பதற்குக் கம்பீரமாகத்தான் இருக்கும்.

"மாடா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வார்த்தைதான். ஆனால் என் தோளில் அதுவரை யாரும் அப்படி மரியாதையாகக் கை போட்டதில்லை. நான் மெதுவாகத் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலமே எல்லோருக்கும் நடுவில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்துவிட்டார்கள். சொன்னேன். சொல்லச் சொல்ல மாடு வளர்ந்தது. பனி கூடியது. வேட்டி மட்டும் கடைசிவரை இடுப்பிலேயே இருந்தது.

"நீங்க பின்வாங்கவே இல்லையா?" என்று ஒருவர் கேட்டார்.

"பாண்டி காலுக்குப் பின்னால போகத் தெரியாது" என்றேன்.

கை தட்டினார்கள். எனக்காக யாரும் கை தட்டியது அதுதான் முதல் தடவை. கள்ளெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

பால் பாக்கெட்

கூட்டத்தில் கை தட்டாமல் என் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தவர் சுந்தரேசன் சார். அம்பது வயசுக்கு மேலே இருக்கும். மதுரையில் ஏதோ ஆபீஸ். மற்றவர்களை எல்லாம் கம்பெனி அனுப்பியிருந்தது, இவர் தானாக வந்தவர்.

இரண்டாம் நாள் மத்தியானம் சமையல்கட்டுக்கு வந்து, நான் சொல்லாமலே உட்கார்ந்து பீன்ஸ் நார் உரிக்க ஆரம்பித்தார். ஊறுகாய்க்குத்தான் என்று நினைத்து ஜாடியை நகர்த்தி வைத்தேன். தொடவில்லை.

"பாண்டி, நானும் என் வைஃபும் காலையில பால் வாங்கப் போனோம்" என்றார். "ஒரு பைக்ல ரெண்டு பேர் வந்தாங்க. அவ கழுத்துல இருந்த செயினைப் பிடிச்சு இழுத்தாங்க. அவ விழுந்துட்டா. விடாம தெருவுல இழுத்துட்டுப் போறாங்க. அவ என் பேரைச் சொல்லிக் கத்தறா."

ஒரு பீன்ஸை எடுத்து, உரித்ததையே மறுபடி உரித்தார்.

"நான் நின்னுட்டு இருந்தேன் பாண்டி. கையில பால் பாக்கெட். அதைக்கூடக் கீழ போடலை. எல்லாம் முடிஞ்சு தெருவே கூடினப்புறமும் பால் பாக்கெட்டோட நிக்கறேன்."

"அம்மாவுக்கு அடி பலமாங்க?"

"கை ஒடஞ்சு சேந்துடுச்சு. அவ அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. 'ஏன் நின்னீங்க'ன்னு திட்டியிருந்தாக்கூட நல்லா இருக்கும். கேக்கவே இல்லை. இப்பல்லாம் தெருவுல நடக்கும்போது அவளே ரோட்டுப் பக்கமா நடக்கறா. என்னை உள் பக்கமா விட்டுட்டு."

நானும் குனிந்து நார் உரித்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த மாடு முன்னால வந்தப்ப, பின்னால போயிடலாம்னு தோணவே இல்லையா? நிஜமா சொல்லுங்க."

கமாண்டர் ஜன்னல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் முந்தின நாள் கைதட்டல் இன்னும் காதில் இருந்தது.

"ஒரு இஞ்சுகூட இல்ல சார்" என்றேன்.

"அதுதான் எனக்கு வேணும்" என்றார் சுந்தரேசன் சார். எழுந்து போனார்.

பீன்ஸ் கூடையை இறக்க வந்த ராசாத்தி வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வழக்கமாக என் புளுகைக் கேட்டால் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை.

"அந்த மனுசன் மொகத்தப் பாத்தீங்களா?"

"என்ன, நல்லாத்தான இருக்காரு."

"நீங்க அளந்து விட்டத அப்பிடியே முழுங்கிட்டுப் போறாரு. இது நம்மூரு மாதிரியா? பாதையில தெனமும் ஒத்தை மாடு நடமாடுது. நாளைக்கு அது முன்னால வந்தா அவரு நிப்பாரா ஓடுவாரா?"

"சும்மா இரு. நாளைக்கழிச்சு வேன் ஏறிப் போயிருவாரு."

"போறதுக்கு முன்ன உள்ளதச் சொல்லிருங்க. இல்லாட்டி நான் சொல்லுவேன். வேட்டியில இருந்து ஆரம்பிச்சுச் சொல்லுவேன்."

மூன்றாம் நாள் சாயங்காலம் கமாண்டர் எல்லோருக்கும் கறுப்பு பெல்ட் கட்டிவிட்டார். எங்கள் மலையில் பூண்டு போட்டால்கூட நாலு மாசம் காத்திருக்க வேண்டும். அன்றும் நான் உள்ளதைச் சொல்லவில்லை. பெல்ட் கட்டின சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் வேன் புறப்படுவதற்கு முன்னால், வெள்ளனே ராசாத்தி என்னை எழுப்பித் தள்ளிவிட்டாள்.

உண்மையைச் சொல்வதற்காக நான் நடந்து போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மாடு முந்திக்கொண்டது.

மாட்டுக்கும் அதே பாடம்

சுந்தரேசன் சார் பாதையில் தனியாக நின்று கடைசியாக ஒரு முறை நிலை பழகிக்கொண்டிருந்திருக்கிறார். சோலைக்காட்டுப் பக்கமிருந்து பனியைத் தள்ளிக்கொண்டு மாடு வந்தது. முதலில் நாலு வெள்ளைக் காலும்தான் தெரியும். சாக்ஸ் போட்டுக்கொண்டு யாரோ வருகிற மாதிரி. பிறகுதான் மேலே அந்தக் கறுப்பு மலை.

முகாம் வாசலில் வேனுக்காக நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அதற்கப்புறம் நடந்ததை நான் தலைகீழாக நின்றாலும் எழுத்தில் கொண்டுவர முடியாது. உள்ளே எழுப்பிவிட்ட மிருகங்கள் அத்தனையும் ஒரே வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டன. கமாண்டர் தண்ணி டேங்க் ஏணியில் ஏறினார். அவ்வளவு வேகமாக ஒரு மனுஷன் ஏறி நான் பார்த்ததில்லை. குரங்குகூட நடுவில் ஒரு முறை மூச்சு வாங்கும்.

மேலே போய்ச் சேர்ந்ததும் அவருக்கு வீரம் திரும்பிவிட்டது. செல்போனை நீட்டிப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

"சூப்பர் சுந்தரேசன்! அப்படியே நில்லுங்க! ஐ காண்டாக்ட்! ஐ காண்டாக்ட்!"

மாடு சுந்தரேசன் சாரைப் பார்த்தது. மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பியது. முதுகைத் தூக்கி, தன் முழு உடம்பையும் காட்டி நின்றது. எங்களுக்குத் தெரியும், அது கடைசி எச்சரிக்கை. பக்கவாட்டில் திரும்பி, உடம்பைப் பெருசாகக் காட்டு என்றுதான் கமாண்டரும் சொல்லிக்கொடுத்தார். ஆக, பாதையில் இரண்டு பேர் பக்கவாட்டில் நின்றார்கள். ஒருவர் மூன்று நாள் படித்தவர். இன்னொன்று பிறவியிலேயே பாஸ்.

வேலிக்கு உள்ளே, சேலைகளுக்குப் பின்னால் ராசாத்தி இருந்தாள். பீன்ஸ் பறிக்க வந்தவள் கூடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் கல்கட்டு ஓரமாக வந்து நிற்பதைப் பார்த்து, உதடு அசையாமல் சொன்னாள்:

"அவரப் பின்னால வரச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லாதீங்க."

"சார்" என்றேன். "மெதுவா ஒரு அடி பின்னால வாங்க."

அவர் திரும்பவில்லை. "மாட்டேன் பாண்டி. நீங்க வரலையே."

"வந்தேன் சார்."

"என்ன?"

"நான் பின்னால வந்தேன் சார். வந்தேன்னுகூடச் சொல்லக்கூடாது. திரும்பி ஓடுனேன்."

மாடு முன்னங்காலால் மண்ணைக் கிளறியது. மேலிருந்து கமாண்டர், "பாண்டி, அவர் ஃபோக்கஸைக் கெடுக்காதீங்க!" என்று கத்தினார்.

"அந்தாள முதல்ல வாயப் பொத்தச் சொல்லுங்க" என்றாள் ராசாத்தி.

"அப்ப அந்தத் தழும்பு?" சுந்தரேசன் சாரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"முள்கம்பி சார். வேலி தாண்டயில கிழிச்சது."

"கண்ணுக்குக் கண்ணாப் பாத்தீங்களே?"

"மாடு என்னப் பாக்கல சார். வேட்டியத்தான் பாத்துச்சு."

"வேட்டி எங்க இருந்துச்சு?"

"வேலியில."

"நீங்க?"

"பேரிக்கா மரத்தடியில. ஒண்ணுமில்லாம கெடந்தேன் சார். வேலிக்கு அந்தப் பக்கம் என் பொண்டாட்டி உக்காந்துருக்கா, கேட்டுப் பாருங்க. ஊரே சாட்சி சொல்லும். ஒரு அடி சார். ஒரே ஒரு அடி."

மாடு மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. துருத்தி ஊதுகிற மாதிரி. பிறகு அவர் சொன்னார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"பாண்டி. நான் தைரியமா நிக்கலை. கால் வரமாட்டேங்குது. அன்னிக்கு மாதிரியே."

மேலே கமாண்டர், "என்ன ஒரு வாரியர்!" என்று வியந்துகொண்டிருந்தார்.

உப்பு

என் உயிர் பிழைக்கும் உணர்வைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். நல்ல வேலைக்காரன். அந்த நிமிஷமும் சரியாக வந்து காதில் சொன்னான்: "திரும்புடா, மரம் அதே இடத்துலதான் இருக்கு." ராசாத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகச் சொல்லவுமில்லை, நிற்கச் சொல்லவுமில்லை. அதுதான் பெரிய இம்சை.

நெஞ்சை நிமிர்த்திப் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தவழ்ந்து போனேன். கல்கட்டோடு ஒட்டி, முட்டி போட்டு, வழியில் கிடந்த சாணியை எல்லாம் முகத்தால் சுத்தம் பண்ணிக்கொண்டு போனேன். வேட்டி மட்டும் இந்தத் தடவை அவிழவில்லை. கோவணம் மாதிரி இறுக்கிக் கட்டியிருந்தேன். அனுபவம்.

அவர் முதுகுப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் அந்தக் கறுப்பு வால் இரண்டும் கைக்கு எட்டியது. பிடித்தேன்.

ஏரிக்கரையில் குதிரை பிடித்த காலத்தில் ஒன்று பார்த்திருக்கிறேன். மிரண்டு நின்றுவிட்ட குதிரையை அதட்டினால் வராது, அடித்தாலும் வராது. பக்கத்தில் நின்று ஏதாவது வெட்டிப்பேச்சு பேச வேண்டும். கொள்ளு விலை, மழை, மாமியார் சண்டை, என்னத்தையாவது. அது பாட்டுக்கு ஒரு காலை எடுக்கும்.

"சார்" என்றேன். "முந்தாநேத்து நார் உரிச்சீங்களே, அந்தப் பீன்ஸ் கூட்டு எப்பிடி இருந்துச்சு?"

அவர் கண் மாட்டை விட்டு நகரவில்லை.

"சும்மா சொல்லுங்க சார். நான்தான் வச்சேன்."

"உப்பு" என்றார்.

"ம்?"

"உப்பே இல்லை பாண்டி. வாயில வைக்க முடியலை."

"வீரனுக்கு ஆகாதாம் சார்."

"எனக்கு ரசம் சாதம் வேணும். அவ வைக்கிற ரசம்."

"போலாம் சார். வாங்க, போலாம்" என்று பெல்ட்டை மெல்ல இழுத்தேன். அவருடைய முன்னங்கால், அந்த இடது கால், மண்ணை விட்டு எழும்பியது. பின்னால் வந்து விழுந்தது. ஒரு அடி.

மாடு கொம்பைத் திருப்பியது. அதுவும் ஒரு அடி எடுத்து வைத்தது. பின்னால் இல்லை, முன்னால். அதன் மூக்கிலிருந்து வந்த ஆவி சுந்தரேசன் சாரின் சட்டையைத் தொட்டது. நான் கையில் பெல்ட்டை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு ராசாத்தி பக்கம் பார்த்தேன். அவள் மெதுவாக எழுந்து, வேலியில் ஒரு சேலையின் முடிச்சை அவிழ்த்து, மாட்டின் பக்கம் காற்றில் பறக்கவிட்டு...

இருங்கள். தோட்டத்திலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள்.

"பாண்டி! வந்திருச்சு. பீன்ஸ் பக்கம் நிக்குது. சத்தம் போடாம வாங்க."

சுந்தரேசன் சார்தான். பூண்டு எடுக்கிற சமயம் வந்தால் அவரும் அவர் சம்சாரமும் மதுரையிலிருந்து ஏறி வந்து எங்களோடு தங்குவது வழக்கமாகிவிட்டது. உப்புப் போட்ட சாப்பாடு என்பதால் வருகிறார்களாம்.

உட்கார்ந்து எழுதுகிற இடத்திலிருந்தே தெரிகிறது. சேலை வேலிக்கு இந்தப் பக்கம் அவர் நிற்கிறார். முகம் மாட்டைப் பார்த்தபடி. ஒரு கையைப் பின்னால் நீட்டி அந்த அம்மாவின் கையைப் பிடித்திருக்கிறார். ஒரு அடி, இன்னொரு அடி என்று பின்னால் வருகிறார். அந்த அம்மாவை மாட்டுப் பக்கம் விடவில்லை. வேலியில் ராசாத்தியின் மஞ்சள் சேலைக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்பு பெல்ட் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது.

"இந்தாங்க! எழுதிக் கிழிச்சது போதும், வெரசா வாங்க!"

இது ராசாத்தி. மாட்டைத் தட்டி விரட்டுகிற தகர டப்பாவோடு கிளம்பிவிட்டாள்.

போக வேண்டும். புலிப்பாண்டி முன்னால் போகிறான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவளுக்குப் பின்னால்தான். வேட்டியை மட்டும் ஒரு முறை இறுக்கிக்கொள்கிறேன்.